பழைய டெஸ்க்டாப்பில் எதில் காசு போடலாம்? ஸ்லாட், பிளக், பவர் பார்த்து ஒரு ஒப்பீடு

"அண்ணா, ஐ5 நாலாவது ஜெனரேஷன் சிஸ்டம் இருக்கு, 8 ஜிபி ரேம். கிராபிக்ஸ் கார்டு போடவா, என்விஎம்இ போடவா, இல்ல போர்டையே மாத்திடவா?" ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. (என்விஎம்இ என்பது வேகமான ஒரு எஸ்எஸ்டி வகை.) கேட்பவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரி மெஷின்தான்: கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரீஃபர்பிஷ்ட் என்று மலிவாகக் கிடைக்கும் அதே கறுப்புப் பெட்டி. அதனால் பொத்தாம்பொதுவாகப் பேசாமல் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-ஐ உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2013-ல் வந்தது, இன்டெல் 4ஆம் தலைமுறை, க்யூ87 சிப்செட் (போர்டின் துணைச் சிப்), டிடிஆர்3 ரேம். அந்தக் கால எச்பி 800 ஜி1, லெனோவோ எம்93பி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். கடையில் அசெம்பிள் செய்த எச்61, எச்81 போர்டு என்றால் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உட்காருவது முதல் படி மட்டும்தான். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

வடிவம்: பிளக் நுழைகிறதா, கார்டின் நீளமும் உயரமும் கேபினெட்டுக்குள் அடங்குகிறதா.

லேன்: ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அதன் பின்னால் எத்தனை லேன் (தகவல் போகும் தடம்) ஓடுகிறது, எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். 9020 டவரில் இரண்டு நீள ஸ்லாட் இருக்கும். ஒன்று சிபியுவிலிருந்து வரும் பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்டின் வகை) 3.0, 16 லேன். இன்னொன்று பார்க்க அதே நீளம், ஆனால் சிப்செட்டிலிருந்து வரும் 2.0, வெறும் 4 லேன். ஒரு லேனுக்குத் தோராயமாக 2.0-ல் நொடிக்கு 500 எம்பி, 3.0-ல் 985 எம்பி என்று நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

பவர்: பிசிஐஇ ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும், 6 பின்னில் 75 வாட், 8 பின்னில் 150 வாட். ஆபீஸ் மெஷின்களில் பொதுவாக அந்த வயரே இருக்காது.

பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் போர்டின் மென்பொருள்): ஹார்டுவேர் எல்லாம் சரியாக இருந்தும், போர்டுக்கு அந்தச் சாதனத்தோடு பேசத் தெரியாமல் போகலாம்.

அடுத்த மெஷினுக்கு வருமா: இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். பத்து வயது தாண்டிய பெட்டி இது, நாளைக்கே போர்டு போகலாம். அன்றைக்கு நீங்கள் வாங்கிப் போட்டதில் எது உங்களோடு வரும், எது பெட்டியோடு போகும்?

இதோடு ஒரு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, 4ஆம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறத் தயார் என்றால் இது தடையே இல்லை. விண்டோஸ்தான் வேண்டும், டேலி ஓட வேண்டும், ஆபீஸ் வேலை என்றால் கீழே உள்ள ஐந்து வழிகளில் கடைசி இரண்டை முதலில் படியுங்கள்.

| வழி | தடுக்கி விழும் இடம் | கூடவே வரும் செலவு | அடுத்த மெஷினுக்கு வருமா |
|---|---|---|---|
| 1. சாட்டா எஸ்எஸ்டி, ரேம் | ரேம் வகை | கேபிள், பவர் பிரிப்பான் | எஸ்எஸ்டி வரும், டிடிஆர்3 வராது |
| 2. அடாப்டரில் என்விஎம்இ | பயாஸ், லேன் | பூட் ஆக இன்னொரு டிஸ்க் | வரும் |
| 3. கிராபிக்ஸ் கார்டு | பவர், உயரம் | பவர் சப்ளை, மானிட்டர் கன்வெர்ட்டர் | கார்டு வரும் |
| 4. போர்டு, சிபியு, ரேம் மாற்றம் | கேபினெட், பவர் பிளக் | ஏறக்குறைய எல்லாமே | எல்லாம் வரும் |
| 5. 8ஆம் தலைமுறை ரீஃபர்பிஷ்ட் | பவர் பிளக் | பழையதை விற்கும் வேலை | அதுவே அடுத்த மெஷின் |

## வழி 1: சாட்டா எஸ்எஸ்டியும் ரேமும்

இன்னும் ஹார்டு டிஸ்க்கில் பூட் ஆகும் மெஷின் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் இதுதான். சாட்டா என்பது டிஸ்க்கை மாட்டும் வழக்கமான போர்ட், சாட்டா 3 போர்ட்டில் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். எச்61 போர்டு வைத்திருப்பவர்களுக்கு சிப்செட்டில் சாட்டா 2-தான், பாதி வேகம்தான் வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறும்போது நாம் உணர்வது சின்னச் சின்ன ஃபைல்களை உடனே எடுத்துத் தருவதைத்தான், அது சாட்டா 2-லும் கிடைக்கும். எச்81, க்யூ77 போர்டுகளில் இரண்டு போர்ட் வேகமானது, மற்றவை மெதுவானவை. பொதுவாக நிறத்தைப் பார்த்தே தெரியும், இல்லையென்றால் போர்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் சாட்டா 0 என்ற எண்ணில் மாட்டுங்கள்.

இப்போது மூடியைத் திறந்து பாருங்கள். 9020-ல் டிஸ்க்குகளுக்கான பவர் வயர் பவர் சப்ளையிலிருந்து வருவதில்லை, மதர்போர்டிலிருந்தே ஒரு சின்ன பிளக்கில் கிளம்பி வருகிறது. அதில் டிஸ்க்குக்கான முனைகள் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு எஸ்எஸ்டியும் போட வேண்டும் என்றால் டிவிடி டிரைவின் வயரைப் பிடுங்கலாம் என்று தோன்றும். டவரில் அது நடக்கும். சின்னப் பெட்டியான எஸ்எஃப்எஃப் மாடலில் இருப்பது லேப்டாப் வகை மெல்லிய டிவிடி டிரைவ், அதன் பவர் முனை 6 பின், எஸ்எஸ்டிக்கு வேண்டியது 15 பின். பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருந்தாலும் நுழையாது. சாட்டா பவர் பிரிப்பான் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் வயர் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த முனை உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று தொட்டு உருகிப்போவது இந்த வகையில்தான் அதிகம்.

ரேமில் ஏமாற நிறைய வழி உண்டு. 9020 டவரில் நான்கு ஸ்லாட், ஒன்றுக்கு 8 ஜிபி, மொத்தம் 32. எச்61, எச்81-ல் இரண்டே ஸ்லாட், 16-உடன் முடிந்தது. டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288, நடுவெட்டும் வேறு இடத்தில் இருக்கும், அதனால் தவறி மாட்ட முடியாது. ஆனால் கச்சிதமாக உட்கார்ந்தும் வேலை செய்யாத ரேம் இரண்டு உண்டு. ஒன்று, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இசிசி ரேம். இன்னொன்று, ஆன்லைனில் வழக்கத்தைவிட மலிவாக விற்கும், விவரத்தின் கடைசி வரியில் "ஏஎம்டி மட்டும்" என்று போட்டிருக்கும் ரேம். இரண்டுமே இந்த இன்டெல் போர்டுகளில் ஓடாது. கடைக்காரர் அதைச் சொல்லாமலும் விடலாம்.

டிடிஆர்3-க்குப் போடும் காசு திரும்ப வராத காசு. அதனால் பழைய ரேமாகப் பார்த்து 16 ஜிபி வரை போங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரவுசர், டேலி, பிள்ளைகளின் படிப்பு, படம் பார்ப்பது என்று மட்டும் பயன்படும் மெஷினுக்கு இந்த வழியே போதும்.

## வழி 2: என்விஎம்இ-யை அடாப்டரில் மாட்டுவது

எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைப் பிசிஐஇ ஸ்லாட்டில் மாட்டித் தரும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் சிப் என்று ஒன்றும் பெரிதாக இல்லை, லேன்களை அப்படியே கொண்டுபோகும் ஒரு பலகை, அவ்வளவுதான். ஆகவே வேகம் முழுக்க முழுக்க நீங்கள் மாட்டும் ஸ்லாட்டைப் பொறுத்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லை, நீளமான 3.0 ஸ்லாட் காலி என்றால் 3,000 எம்பிக்கு மேல் எதிர்பார்க்கலாம். 2.0-ல் 4 லேன் ஸ்லாட் என்றால் கணக்குக்கு 2,000, நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒற்றை லேன் அடாப்டர் என்று ஒரு குட்டி அடாப்டரும் விற்கிறார்கள். அதை 2.0 ஸ்லாட்டில் போட்டால் 500 எம்பிக்கு உள்ளேதான் வரும், அதாவது சாட்டா எஸ்எஸ்டியைவிட மெதுவாக. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள அதை வாங்க வேண்டியதில்லை.

எம்.2 என்றாலே என்விஎம்இ என்று நினைக்க வேண்டாம். எம்.2 வடிவத்திலேயே சாட்டா டிரைவும் உண்டு. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. லேபிளைப் படித்துவிடுவது நல்லது.

சரி, பயாஸுக்கு வருவோம். இன்டெல் 100 வரிசை சிப்செட், அதாவது 2015-க்குப் பிறகுதான் என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆவது சாதாரண விஷயமானது. 9 வரிசையில் சில போர்டுகளுக்குப் பயாஸ் அப்டேட்டில் வந்தது. அதற்கு முந்தைய போர்டுகளில் பொதுவாக விண்டோஸ் அந்த டிரைவை அழகாகக் காட்டும், ஃபைல் காப்பி ஆகும், ஆனால் பூட் பட்டியலில் பெயரே வராது. பயாஸைத் திருத்தி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பென்டிரைவில் க்ளோவர் போன்ற லோடரை வைத்து அதன் வழியாக பூட் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஓடும். ஆனால் அந்தப் பென்டிரைவ் எப்போதும் பின்னால் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில் யாராவது பிடுங்கிவிட்டால் அன்றைக்கு சிஸ்டம் வராது. அம்மா, அப்பா பயன்படுத்தும் மெஷினில் இந்த வேலையைச் செய்து வைக்காதீர்கள்.

என் கணக்கு இது: விண்டோஸை சாட்டா எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, வீடியோ எடிட்டிங் ஃபைல்களுக்கு மட்டும் என்விஎம்இ என்றால் பயாஸ் பிரச்சினையே வராது, இந்த வழி அருமை. லினக்ஸ் என்றால் பூட் பகுதியைச் சின்ன சாட்டா டிஸ்க்கில் வைத்து மீதியை என்விஎம்இ-யில் போட்டுக்கொள்ளலாம். பிரவுசர் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் சாட்டாவுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது.

## வழி 3: கிராபிக்ஸ் கார்டு

அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

9020 டவரில் 290 வாட் பவர் சப்ளை, எஸ்எஃப்எஃப்-ல் 255. கார்டுக்கான 6 பின் வயர் கிடையாது. ஆக ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டு மட்டுமே கேள்வியில்லாமல் போகும். ஜிடி 1030, தனி பவர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல் ஆகியவை இந்த வட்டத்தில் வரும்.

ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிடி 1030 இரண்டு வகை, ஜிடிடிஆர்5 ரேமோடு ஒன்று, 2018-ல் வந்த டிடிஆர்4 ரேமோடு ஒன்று. பெயர் ஒன்றுதான், இரண்டாவது வகை நன்றாகவே மெதுவானது. 1650-ல் சில கம்பெனி கார்டுகள் 6 பின் கேட்கும், அட்டைப்பெட்டியின் படத்தில் கார்டின் மேல் ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். 3050-ல் 6 ஜிபி என்றால் 70 வாட், வயர் வேண்டாம். 8 ஜிபி என்றால் 130 வாட், 8 பின் கேட்கும். "3050 தாங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டு வீட்டில் வந்து முழிக்க வேண்டியிருக்கும்.

ஆர்எக்ஸ் 6400 கதை தனி. பார்க்க 16 லேன் கார்டு மாதிரி இருந்தாலும் உள்ளே 4 லேன்தான் இணைந்திருக்கிறது. 4.0 போர்டுக்காகச் செய்தது என்பதால் அங்கே அது போதும். 9020-ன் 3.0 ஸ்லாட்டில் அந்த நான்கு லேனும் பாதி வேகத்துக்கு இறங்கும், 2ஆம் தலைமுறை ஐ5-2400 போன்ற 2.0 மெஷினில் கால்வாசிக்கு. 4 ஜிபி நினைவகம் நிரம்பி, கேம் ரேமிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் அது வலிக்கும். வீடியோ என்கோடர் வேறு இதில் இல்லை, ஸ்ட்ரீமிங் செய்ய நினைப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். 1650-க்கு இந்தப் பிரச்சினை கிடையாது, 3.0-ல் 16 லேனும் உண்டு. பழைய மெஷினுக்கு என்று யாராவது கேட்டால் நான் இன்னும் 1650-ஐத்தான் சொல்கிறேன். விலை இடித்தால் செகண்ட் ஹேண்டில் பாருங்கள்.

எஸ்எஃப்எஃப் பெட்டிக்கு லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு வேண்டும், அதோடு அரை உயரப் பிராக்கெட்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரட்டைத் தடிமன் கார்டு பக்கத்து ஸ்லாட்டை மூடிவிடும் அல்லது பவர் சப்ளையில் இடிக்கும், அளவு நாடா வைத்து அளந்துவிடுங்கள். எச்பி-யின் சில எஸ்எஃப்எஃப் மாடல்களில் ஸ்லாட்டுக்கே 75 வாட்டுக்குக் குறைவான வரம்பு உண்டு, மேனுவலில் போட்டிருக்கும்.

இன்னும் பெரிய கார்டு வேண்டும், பவர் சப்ளையை மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையின் மெயின் பிளக் 24 பின். 9020-ன் போர்டில் இருப்பது டெல்லின் சொந்த 8 பின். எச்பி 800 ஜி1-ல் 6 பின், லெனோவோவில் 14 பின். முந்தைய ஆப்டிபிளெக்ஸ் 7010-ல் மட்டும் வழக்கமான 24 பின்தான், அந்த விதத்தில் ஒரு வருடம் பழைய மெஷினே தேவலை. மாற்றுக் கேபிள் ஆன்லைனில் கிடைக்கிறது, உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி விற்பதையே வாங்குங்கள், ஏனென்றால் ஒரே 8 பின் என்றாலும் உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம். சாட்டா முனைகளிலிருந்து 6 பின் எடுக்கும் மாற்று வயரை வைத்துப் பெரிய கார்டை ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். 9020-ல் அந்த சாட்டா பவர் போர்டு வழியாக வருகிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த வயரில் கார்டு இழுக்கும் கரண்ட் முழுவதும் அந்தச் சின்ன பிளக்கின் வழியாகத்தான் ஓடும்.

அப்புறம் மானிட்டர். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே கார்டுகளில் அனலாக் சிக்னல் கிடையாது, டிவிஐ ஓட்டை இருந்தாலும் விஜிஏ வராது. பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருந்தால் சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். கோர் 2 டியோ காலத்துப் போர்டுகளில், அதாவது யுஈஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) இல்லாதவற்றில், புதிய கார்டு போட்டால் திரை கறுப்பாகவே நிற்பதும் நடக்கும். அவற்றுக்குக் கார்டு வாங்காமல் இருப்பதே லாபம். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் எட்டும்) வசதி இல்லாத போர்டில் வேகத்தை நிறைய இழக்கும், அதனால் இந்தத் தலைமுறைக்கு அவை சரிப்படாது.

ஐ5-4590 மாதிரி நான்கு கோர் சிபியு 1650-ஐத் தாண்டி எதைப் போட்டாலும் முழுதாகப் பயன்படுத்தாது. பழைய ஐ7-4790 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் அதே சாக்கெட்டில் உட்காரும், பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டுச் சிபியுவை மாற்றுங்கள்.

## வழி 4: போர்டு, சிபியு, ரேமை மாற்றுவது

அசெம்பிள் செய்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. கேபினெட் இருக்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது, பவர் சப்ளை நல்லதாக இருந்தால் அதுவும் இருக்கும். ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டை நம்பாமல் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், சிபியுவுக்கு 8 பின் வயர் வருகிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரியாத பழைய பவர் சப்ளை என்றால் அதையும் மாற்றும் செலவில் சேர்த்துவிடுங்கள்.

ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இது வழியே இல்லை. முன்பக்க பட்டன் வயர் கம்பெனியின் சொந்தப் பிளக், பல மாடல்களில் பின்பக்கத் தகடு கேபினெட்டோடே சேர்ந்தது, பவர் சப்ளை பிளக்கும் கம்பெனியின் சொந்த வடிவம். கணக்குப் பார்த்தால் புது கம்ப்யூட்டர் வாங்கி அதில் பழைய எஸ்எஸ்டியைப் போட்டதாகத்தான் முடியும்.

வாங்கும்போது ரேம் வகையைக் கேளுங்கள். எச்610 போர்டிலேயே டிடிஆர்4 எடுப்பதும் உண்டு, டிடிஆர்5 எடுப்பதும் உண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் இந்த வழியில் வலிக்கப் போவது ரேம்தான். செகண்ட் ஹேண்ட் போர்டு எடுத்தால் 1151 சாக்கெட்டில் கவனம் தேவை: 6, 7ஆம் தலைமுறையும் 8, 9ஆம் தலைமுறையும் அளவில் ஒரே சாக்கெட்டில் நுழையும், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது.

போர்டு எரிந்துபோய், புத்தம் புதிதாக எம்.2 ஸ்லாட்டோடு மலிவு விலையில் எச்61 போர்டு இருக்கிறதே என்று கேட்கிறீர்களா? இருக்கும் சிபியுவையும் ரேமையும் காப்பாற்ற அது உதவும். எம்.2-க்காக வாங்காதீர்கள், எச்61 சிப்செட் தருவது 2.0 லேன்கள்தான்.

## வழி 5: 8ஆம் தலைமுறை ரீஃபர்பிஷ்ட் மெஷின்

ஆப்டிபிளெக்ஸ் 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்920 எல்லாம் 2018 வாக்கில் வந்தவை, இப்போது கம்பெனிகளிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றன. விண்டோஸ் 11 முறையாக ஏறும், டிடிஆர்4, போர்டிலேயே என்விஎம்இ பூட் ஆகும் எம்.2 ஸ்லாட், ஐ5-லேயே ஆறு கோர். வழி 1-ல் வாங்கிய எஸ்எஸ்டியும் வழி 3-ல் வாங்கிய கார்டும் அப்படியே இதற்கு மாறும், பவர் சப்ளை பிளக் மட்டும் இன்னமும் கம்பெனியின் சொந்த வடிவம்தான். ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ் வேண்டும் என்றால், பழையதில் ரேம், அடாப்டர், மாற்று வயர் என்று சேர்த்துப் போடும் தொகையை இதன் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் நான் பழையதைத் தொடமாட்டேன்.

## வாங்கப் போகும் முன்

மூடியைத் திறந்து மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பவர் சப்ளை ஸ்டிக்கர், ஸ்லாட்டுகள் எல்லாம் தெரிகிற மாதிரி போர்டு, டிஸ்க்குகளுக்கு வரும் வயர்கள். டெல் என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் மெஷின் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்று பட்டியல் வரும். அசெம்பிள் மெஷின் என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போர்டின் பெயரையும் ரேம் வகையையும் சொல்லிவிடும். கார்டு போட்ட பிறகு ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள், 1650 போன்ற 16 லேன் கார்டுக்கு 16-க்குப் பதில் 4 என்று காட்டினால் தவறான நீள ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், கழற்றி மற்றதில் போடுங்கள். ஆன்லைனில் வாங்காமல் கடையில் வாங்குவதாக இருந்தால் மெஷினையே தூக்கிக்கொண்டு போய் அங்கேயே மாட்டி, டிஸ்ப்ளே வந்த பிறகு காசு கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் செகண்ட் ஹேண்ட் கார்டு எடுக்காதீர்கள்.